தீர்வு இல்லை என்று சுவரில் எழுதினேன்

ஒரு குற்றமும் செய்யாத மனிதரை நாலு பேர் நடுவில் நிறுத்தி நான் கள்ளன் ஆக்கினேன். அவர் கள்ளன் இல்லை என்பது எனக்கு அதிக நாள் போகும் முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அதுதான் நான் செய்த பெரிய பிழை. முதலில் செய்தது அவசரம் என்றால், பிறகு செய்தது அநியாயம்.

எண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. இடம் யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண் ஊர் ஒன்றில், எங்கள் தோட்டக் கிணற்றடி.

எங்களுடையது பங்குக் கிணறு. எங்கள் பக்கத்தில் இது வழமை. ஒரு கிணறு, அதைச் சுற்றி மூன்று பேருடைய தோட்டம், ஒவ்வொருவருக்கும் இறைப்பதற்கு ஒரு முறை. ஒரு பங்கு எனக்கு. இன்னொன்று ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு. மூன்றாவது பங்குக்காரரைத் தெற்குத் தோட்டக்காரர் என்று சொல்கிறேன். என்னைவிட வயதில் இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன்; அவர் என்னை மாஸ்டர் என்பார். காரணம், நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவன். தோட்டம் என் பெயரில் இருந்ததே தவிர, வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பி மாறுவது, மிசினுக்கு எண்ணெய் ஊற்றுவது எல்லாம் கூலிக்கு ஆள் வைத்துத்தான் நடந்தது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை இங்கேதான் முளைத்தது.

அந்த வருடம் மண்ணெண்ணெய் கிடைப்பதே அபூர்வம். தனித்தனியாக வைத்திருந்தால் ஒருவருக்கும் போதாது. அதனால் மூன்று பேரும் வரிசையில் நின்று வாங்கியதை ஒரே நீலப் பீப்பாயில், எங்கள் சொல்லில் பரலில், ஊற்றி, இறைப்பு மிசின் நிற்கும் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டினோம். திறப்பு, அதாவது சாவி, தெற்குத் தோட்டக்காரரிடம். மிசினின் குணம் அவருக்குத்தான் தெரியும். யாருடைய தோட்டத்துக்கு இறைத்தாலும் அவரே லீற்றர்ப் பேணியால் அளந்து ஊற்றி, எவ்வளவு போனது என்று சொல்லுவார். நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

பங்குனி மாதத்தில் முதல் இறைப்பு. கடைக்காரரின் வெங்காயத் தறை இரண்டு, என் வாழைத் தறை ஒன்று. தறை என்றால் வரம்பு கட்டிப் பிரித்த தோட்டத் துண்டு. எங்கள் கிணற்றைச் சுற்றியுள்ள தறைகள் எல்லாம் பங்கு பிரித்த காலத்திலிருந்தே ஒரே அளவு. தெற்குத் தோட்டக்காரருடைய நிலம் அப்போது கொத்தியபடி கிடந்தது, நடவில்லை. ஐந்து லீற்றர் போனது என்றார். சரி.

அடுத்ததாக நான் கணக்குப் பார்த்தது சித்திரை வெயிலில் நடந்த ஓர் இறைப்பு. இப்போது அவரும் வெங்காயத் தறை இரண்டும் வாழைத் தறை ஒன்றும் நட்டுவிட்டார். ஆகவே எல்லாம் இரட்டிப்பு: வெங்காயத் தறை நாலு, வாழைத் தறை இரண்டு. பன்னிரண்டு லீற்றர் என்றார்.

கடைக்காரர் பேணியைப் பார்த்தார், பரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், உது சரியா வருதோ? நீங்கள் கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

அன்று கிணற்றடியில் குளிக்க வந்த அயலவர்கள் சிலரும் நின்றார்கள். எனக்கு அது வகுப்பறை மாதிரி ஆகிவிட்டது. ஐந்தின் இரட்டிப்புப் பத்துத்தானே, இரண்டு லீற்றர் கூடிப்போய்விட்டதே என்று ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. கொட்டில் மூலையில் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து, கொட்டிலின் வெள்ளையடித்த சுவரில் எழுதத் தொடங்கினேன். ஒரு வெங்காயத் தறைக்கு வேண்டிய எண்ணெய் x. ஒரு வாழைத் தறைக்கு y. முதல் இறைப்பு: 2x + y = 5. இரண்டாவது: 4x + 2y = 12.

"இப்ப கவனியுங்கோ" என்றேன். "உப்பிடிச் சோடிச் சமன்பாட்டுக்கு மூண்டு விதமாத்தான் நடக்கலாம். ஒரேயொரு தீர்வு வரும். இல்லாட்டி எண்ணித் தீராத அளவு தீர்வு வரும். இல்லாட்டித் தீர்வே வராது. நாலாவது எண்டு ஒண்டு இல்லை."

வகுப்பில் இதைச் சொல்லும்போது யாராவது ஒரு மாணவி எழும்பி, ஏன் சேர் சரியாக இரண்டு தீர்வு வரக்கூடாது என்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சமன்பாடும் ஒரு நேர்கோடு. இரண்டு கோடுகள் ஓரிடத்தில் வெட்டினால் ஒரு தீர்வு. ஒரு நாளும் சந்திக்காமல் சமாந்தரமாகப் போனால் தீர்வு இல்லை. இரண்டு இடத்தில் தொட்டுவிட்டால் அவை இரண்டு கோடுகளே அல்ல, ஒரே கோடுதான். அதிலுள்ள புள்ளி எல்லாமே தீர்வு. ஒன்றுக்கு மேல் போனால் அது இரண்டோடு நிற்காது என்று முடிப்பேன். அன்று கிணற்றடியில் இதையும் சொன்னேன். ஒருவரும் கேட்காமலே சொன்னேன்.

பிறகு முதல் வரியை இரண்டால் பெருக்கிக் காட்டினேன். 4x + 2y பத்தாக இருக்கவேண்டும். அதே 4x + 2y பன்னிரண்டு என்று இவர் சொல்கிறார். சமாந்தரக் கோடுகள். கீழே கொட்டை எழுத்தில் "தீர்வு இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"தீர்வு இல்லையெண்டால் என்ன கருத்து மாஸ்டர்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இந்த ரெண்டு வரியிலை ஒண்டு பொய் எண்டு கருத்து" என்றேன்.

எல்லோருடைய கண்ணும் திறப்பை வைத்திருந்தவரிடம் போனது. எரிவாயு இல்லாமல் வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்த நாட்கள் அவை. இரண்டு லீற்றர் எங்கே போயிருக்கும் என்று ஒருவரும் வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தெற்குத் தோட்டக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாஸ்டர், மிசின் குடிச்சதைத்தான் நான் ஊத்தினனான். இந்த முறை தண்ணி..." என்று தொடங்கினார்.

நான் அவரை முடிக்க விடவில்லை. "தண்ணியைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் கேக்கேல்லைத் தம்பி. எண்ணெயைப் பற்றித்தான் கேக்கிறம்" என்றேன்.

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் சொல்லுக்குச் சிரிப்பு வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவருடைய மனைவி வாய்க்கால் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்தார். "எங்கடை குசினியை வந்து பாருங்கோ மாஸ்டர். தேங்காய்ப் பொச்சும் பன்னாடையும்தான் எரியுது. உங்கடை கணக்கு எங்கடை அடுப்பிலை எரியேல்லை" என்றார். கணவர் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துப் பரலின் மூடியில் வைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு அவர் பொதுப் பரலிலிருந்து ஒரு பேணி எண்ணெய்கூட எடுக்கவில்லை. கணவனும் மனைவியும் விடியற்காலையில் வாளியால் அள்ளி அள்ளி வெங்காயத்துக்கு ஊற்றினார்கள். ஒரு தறையைக் காப்பாற்றினார்கள். மற்றத் தறை தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. என் வேலிக்கு அப்பால்தான் இவ்வளவும் நடந்தது. நான் பேப்பர் வாசிக்கும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

திறப்பு என்னிடம் வந்தது. மாஸ்டரிடம் இருந்தால் பயமில்லை என்றார் கடைக்காரர்.

வைகாசியில் என் முறை வந்தபோது கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. நானே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் இறைப்பைப் போலவே கடைக்காரரின் வெங்காயத் தறை இரண்டு, என் வாழைத் தறை ஒன்று. ஐந்து லீற்றர் போகவேண்டும். என் கையாலேயே அளந்து, ஐந்து பேணியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மிசினை இயக்கினேன்.

ஐந்தும் முடிந்தது. வாழைத் தறையில் பாதி இன்னும் காய்ந்தே கிடந்தது.

ஆறாவதை ஊற்றினேன். ஏழாவதையும் ஊற்றினேன். அப்போதுதான் தண்ணீர் கடைசி மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. பரலில் என் பொறுப்பில் இரண்டு லீற்றர் குறைவு. அதே இரண்டு லீற்றர். நான் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. கொட்டிலுக்குள் நானும் பரலும் மட்டும்தான். சுவரில் என் எழுத்து "தீர்வு இல்லை" என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிணற்றுக் கட்டின் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன். பங்குனியில் தண்ணீருக்குள் இருந்த பாசி பிடித்த கல்வரிசை முழுவதும் வெயிலில் காய்ந்து வெளியே தெரிந்தது. தண்ணீர் வெகு கீழே கிடந்தது. குழாயைத் திரும்பிப் பார்த்தேன். மணிக்கட்டுத் தடிப்பில் பாயவேண்டிய தண்ணீர் இரண்டு விரல் அளவுக்கு மெலிந்து விழுந்தது. அவ்வளவுதான் விசயம். கிணறு வற்ற வற்ற, அதே தறைக்குத் தண்ணீர் மாற மிசின் அதிக நேரம் ஓடவேண்டும். அதிக நேரம் ஓடினால் அதிகம் குடிக்கும். பங்குனியில் ஒரு தறைக்குப் போதுமான x வேறு, சித்திரையில் வேண்டிய x வேறு. நான் இரண்டு வரியிலும் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டு, மனிதனைப் பொய்யன் என்றேன். அந்த மனிதர் "இந்த முறை தண்ணி..." என்று தொடங்கியதும் இதைச் சொல்லத்தானே? தீர்வு இல்லை என்று வந்தால், சமன்பாட்டை எழுதியவன் முதலில் தன் சமன்பாட்டைத்தான் சந்தேகிக்கவேண்டும். இதையும் நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே போய்ச் சொல்லியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. நான் செய்தது வேறு. என் வீட்டில் விளக்குக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து வந்து, குறைந்த இரண்டு லீற்றரையும் பரலுக்குள் ஊற்றி நிரப்பினேன். என் கணக்கு என் கையில் பிழைத்தது என்று கடைக்காரருக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான்.

நான் எண்ணெயோடு போவதை என் மனைவி வேலி வாசல் படலையடியில் நின்று பார்த்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?" என்றாள்.

"பரலிலை கொஞ்சம் குறையுது" என்றேன்.

"ஊரிலை கள்ளன் எண்டால் அங்கையிருந்து இஞ்சாலையெல்லோ கொண்டுவாறவன்? நீங்கள் இஞ்சையிருந்து அங்காலை கொண்டுபோறியள்!" என்று சிரிக்கத் தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். விளங்கிவிட்டது அவளுக்கு. "அப்ப அந்தத் தம்பி எடுக்கேல்லை" என்றாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. ஆனால் தெற்குத் தோட்டக்காரரின் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் நாட்களில், போகிற தட்டை என் கண் முன்னால் மூடித்தான் அனுப்புவாள், கொஞ்சம் சத்தமாக.

காலம் போனது. எண்ணெய் வரிசை இல்லாமல் போனது. நாங்கள் மின்சார மோட்டர் பூட்டினோம். பரல் மழைத்தண்ணீர் பிடிக்கப் போனது. நடந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை என்பதைக் கோயிலில் கண்டேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி வீதி சுற்றும்போது இரண்டு பக்கமும் தீப்பந்தம் பிடிப்பார்கள். பந்தங்களுக்கு எண்ணெய் வார்க்க ஒருவர் தகரப் பேணியோடு கூடவே நடப்பார். அந்த வேலை தெற்குத் தோட்டக்காரருடையது. அவருக்கு முன் அவருடைய தகப்பன் செய்தார். அது ஒரு பெரிய பதவி அல்ல, ஆனால் திருவிழா என்றால் அந்தப் பேணியோடு அவர் நடக்கும் நடை எல்லோருக்கும் தெரியும்.

என் சுவரெழுத்துக்குப் பிறகு வந்த திருவிழாவில் பேணி வேறொருவர் கையில் இருந்தது. யாரும் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. அந்த இரண்டாவது வருடம் நான் தெற்கு வீதியில் நின்றேன். ஒரு பந்தம் எண்ணெயில்லாமல் புகைந்து மங்கியது. புதிய ஆள் சனத்துக்குள் அகப்பட்டுப் பின்னுக்கு நின்றுவிட்டார். எனக்கு எதிர்ப்பக்கத்தில் மதிலோடு நின்ற தெற்குத் தோட்டக்காரர் தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் வந்தார். கையும் நீண்டது. பிறகு தன் கையைத் தானே பார்த்து, பின்வாங்கி, கையைக் கட்டிக்கொண்டு மதிலோடு சாய்ந்துகொண்டார்.

நான் சுவாமியைக் கும்பிடவில்லை அன்று. கையைக் கூப்பிக்கொண்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே வருடம் ஆவணியில் கிணறு இறைத்துச் சேறு எடுக்கும் நாள் வந்தது. வருடத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் நாள் பார்த்து, எல்லாத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, அடியில் இறங்கிச் சேற்றை அள்ளவேண்டும். பங்குக்கு ஓர் ஆள் வந்தே ஆகவேண்டும். வராதவன் பங்கைக் கைவிட்டவன் மாதிரி. அதனால் அவரும் வந்தார். முந்தைய வருடத்தைப் போலவே யாரோடும் கதைக்காமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். மேலே கடைக்காரரும் அவருடைய மருமகனும் அயலவர்கள் சிலரும் கயிறு இழுத்தார்கள். எனக்கு இழுக்க வலு இல்லை. வருகிற வாளியைக் கவிழ்ப்பது என் வேலை.

அன்று எப்படியும் சொல்வது என்று வந்திருந்தேன். விடியற்காலையில் வசனங்களையும் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், இதற்கு மேல் பொறுத்தால் சேறும் முடிந்துவிடும் என்று தோன்றியது.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்கோ. ஒரு கதை சொல்லவேணும்" என்றேன். "அந்த எண்ணெய்க் கணக்கு பிழை. நான் போட்டது பிழை."

கடைக்காரர் கயிற்றை விடாமலே திரும்பினார். "இப்ப என்னத்துக்கு மாஸ்டர் பழசைக் கிண்டுறியள்? சேறு கிண்டவெல்லோ வந்தனாங்கள்?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆர் கதைக்கிறது?"

"நான்தான் தம்பி" என்றேன் குனிந்து. அவர் முழங்கால் அளவு சேற்றில் நின்று மேலே பார்த்தார். முகமெல்லாம் சேறு. கண் மட்டும் தெரிந்தது.

"எண்ணெயைப் பற்றியோ மாஸ்டர், தண்ணியைப் பற்றியோ?"

நான் அன்று சொன்ன சொல்லை அவர் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"தண்ணியைப் பற்றித்தான். கிணறு வத்தினதாலை மிசின் கூடக் குடிச்சது. நீங்கள் சொல்ல வந்தனீங்கள், நான் விடேல்லை. நீங்கள் ஒரு சொட்டும் எடுக்கேல்லை."

"கேக்கேல்லை. உரத்துக் கதையுங்கோ."

திரும்பவும் சொன்னேன்.

"இன்னும் உரத்து."

அவருக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். கிணற்றுக்குள் பேச்சு எப்படி முழங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வகுப்பறையின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும் குரலில் கத்தினேன். "தம்பி கள்ளன் இல்லை! என்ரை கையிலை திறப்பு இருக்கேக்கையும் அதே ரெண்டு லீற்றர் குறைஞ்சது! வெளியிலை தெரியாமல் இருக்க வீட்டு எண்ணெயைக் கொண்டுவந்து ஊத்தினனான்! தெரிஞ்சுகொண்டுதான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனான்!"

ஒழுங்கையில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். கடைக்காரர் என்னை முறைத்தார். "வீட்டு எண்ணெயைக் கொண்டுவந்தோ?" என்றார், அதைத்தான் அவரால் நம்பவே முடியவில்லை. அவருடைய மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

ஊற்றுக்கண்ணில் தண்ணீர் கசியும் சத்தம் மட்டும் கேட்டது. மன்னித்தேன் என்பார், அல்லது மன்னிக்கமாட்டேன் என்பார். இந்த இரண்டில் ஒன்றுக்காக நான் கட்டை விடாமல் குனிந்தபடி நின்றேன்.

"கயிறை இழுங்கோ. வாளி நிறைஞ்சிட்டுது" என்றார்.

இழுத்தார்கள். நான் கவிழ்த்தேன்.

மேலே வந்து கைகால் கழுவிய பிறகு அவர் கொட்டிலுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். கரியெழுத்து மங்கிப் போயிருந்தாலும் வாசிக்க முடிந்தது. தேங்காய்ப் பொச்சை நனைத்துக்கொண்டு அழிக்கப் போனேன். அதற்குள் தேநீரோடு வந்த அவருடைய மனைவி வாசலில் நின்று, "அழிக்காதேங்கோ மாஸ்டர்" என்றார். ஒழுங்கை முனையிலேயே என் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. "உதைப் பாத்த கண்ணெல்லாம் இதையும் பாக்கட்டும். கீழை எழுதுங்கோ."

எழுதினேன். "இந்தக் கணக்குப் பிழை. தண்ணீர் வற்றியதை நான் எண்ணவில்லை." கீழே என் கையெழுத்தையும் வைத்தேன். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று, வகுப்பு மேற்பார்வைக்கு வந்தவர் போல, எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு தேநீர் தந்தார். சீனி கொஞ்சமும் இல்லை. மறந்தாரோ, தெரிந்துதான் செய்தாரோ, நான் கேட்கவில்லை. குடித்தேன்.

கடைக்காரர் என்னிடமிருந்த மோட்டர்ப் பெட்டித் திறப்பை வாங்கித் தெற்குத் தோட்டக்காரரிடம் நீட்டினார். "இனி இது உம்மட்டை இருக்கட்டும்" என்றார்.

"எனக்கு வேண்டாம் அண்ணை. திறப்பு வைச்சிருக்கிறவன்தான் கள்ளன் எண்டு மாஸ்டர் படிப்பிச்சுப் போட்டார். அது மாஸ்டரிட்டையே கிடக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்க நினைத்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

மறுநாள் காலை கோயிலை நிர்வகிக்கும் மணியகாரரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கேட்டுவிட்டு, "நாங்கள் அவரை ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். "ஓம், சொல்லேல்லை. அதுதான் பிழை. இப்ப சொல்லுங்கோ, வீட்டை போய்ச் சொல்லுங்கோ" என்றேன். முணுமுணுத்தார். போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நானாகப் போய் விசாரிக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. என் தோட்டத்துக்குரிய தண்ணீர் முறையை அடுத்த போகத்துக்கு அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். "என்ரை முறை எனக்குக் காணும்" என்று பதில் வந்தது. சரிதான் என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள் அவரே வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "மாஸ்டர், உங்கடை வாழைக் குட்டியிலை ரெண்டு தாறியளோ?" என்று கேட்டார். நான் கிண்டிக் கொடுத்தேன். அவ்வளவு பலமாக நான் மண்வெட்டி பிடித்ததை என் மனைவி அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த வருடத் திருவிழா போன மாதம் முடிந்தது. நான் தெற்கு வீதியில் அதே இடத்தில்தான் நின்றேன். மேளச் சத்தம் திரும்பியது. பந்தங்கள் வந்தன. அவற்றின் நடுவே தகரப் பேணியோடு, தோளில் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தப் பழைய நடை வந்தது. பக்கத்தில் நின்ற மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

எனக்கு நேரே வந்ததும் ஒரு பந்தம் மங்கியது. அவர் நின்று, ஒரு சொட்டும் சிந்தாமல் வார்த்தார். தீ எழும்பியது. என்னைக் கண்டார்.

"மாஸ்டர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வேட்டியிலை எண்ணெய் பட்டிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டில் ஒன்றுதான் வரும் என்று கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு காத்து நின்ற எனக்கு, உரத்துக் கதையுங்கோ என்பது முதல் தள்ளி நில்லுங்கோ என்பது வரை அவர் தந்துகொண்டேயிருக்கும் பதில்களைக் கேட்கக் கேட்க, ஒன்றுக்கு மேல் போனால் அது இரண்டோடு நிற்காது என்று இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியதன் பொருள் இப்போதுதான் விளங்கி வருகிறது.